உள்பனியன்

இன்ஸ்பெக்டர் அருள்செல்வன் அந்தக் காகிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். அவர் குரல் உயரவே இல்லை. கத்தியிருந்தால்கூட நாகஜோதிக்குப் பயம் குறைந்திருக்கும்.

"ஏனுங்கம்மா, இத்தோட நாலு தடவை கேட்டாச்சு. ஊட்டுல மண்ணெண்ணெய் இல்லைங்கறீங்க. பெட்ரோல் கேன் இல்லைங்கறீங்க. உங்க ஊட்டுக்காரர் மேல கருகிக் கெடந்த பனியன் துண்ட லேப்புக்கு அனுப்பிச்சோம். முதல் ரிப்போர்ட் வந்திருச்சு. அதுல பெட்ரோலியப் பொருள் இருக்குதுன்னு எழுதியிருக்காங்க. எங்கிருந்து வந்துச்சுன்னு நீங்களே சொல்லுங்க."

"தெரியல சார்."

"உங்க மாமியாருக்குத் தெரியுமாமே?"

மாமியார் ராமுத்தாய் சொன்னது ஊருக்கே தெரியும். 'நான் பெத்த மகன் மேல என்னமோ ஊத்தி வச்சிருந்தா. இல்லாட்டி மனுஷன் அப்படி எரிவானா?'

பதினெட்டு நாளைக்கு முன்னால், அமாவாசையன்று சாயங்காலம் அது நடந்தது. பல்லடம் ரோட்டுப் பக்கம் லைன் வீடுகளில் ஓர் அறை. நாகஜோதியின் கணவன் மாரிச்செல்வம் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். வேலை முடிந்து வந்து, சட்டையைக் கழற்றிவிட்டு, உள்பனியனும் கைலியுமாக உட்கார்ந்தான். வியாதிக்காரப் பிள்ளைக்கு அமாவாசைதோறும் சூடம் சுற்றிப் போடுவது ராமுத்தாயின் வழக்கம். கொளுத்தாத சூடத்தைக் கையில் வைத்து மூன்று முறை சுற்றுவாள். வாசலுக்குக் கொண்டுபோய்த் தரையில் வைத்துக் கொளுத்துவாள். அன்றும் அப்படித்தான் செய்ததாகப் போலீசில் சொல்லியிருந்தாள். வாசலில் சூடம் எரிய, உள்ளே மகன் எரிந்தான் என்பது அவள் வாக்குமூலம்.

பின்பக்கக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த நாகஜோதி, அலறல் கேட்டு ஓடி வந்தபோது கண்டது ஒன்றுதான். நெருப்பு, பனியன்மேல் நெஞ்சிலிருந்து கழுத்துவரை ஒரே மூச்சில் ஓடியது. வெறுங்கையால் பனியனைப் பிடித்துக் கிழித்தாள். பக்கத்து அறைப் பீகார் பையன்கள் வாளி வாளியாகக் கொட்டினார்கள். கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் தொண்டைக்குள் குழாய் போட்டிருந்ததால் மாரிச்செல்வம் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. நான்காம் நாள் இறந்துபோனான்.

"முந்தின நாள் சண்டை போட்டிருக்கீங்க" என்றார் அருள்செல்வன். "'இந்த உடம்ப வச்சுக்கிட்டு என்னைய ஏன்யா சாகடிக்கிற'ன்னு நீங்க கத்துனது மூணு ஊட்டுக்குக் கேட்டிருக்குது."

"மருந்து தேய்க்க மாட்டேன்னு அடம் பிடிச்சாரு சார். அதுக்குக் கத்துனேன்."

"இன்னைக்கு வெள்ளிக்கிழமை. திங்கக்கிழமைக்குள்ள எனக்கு ஒரு பதில் வேணுமுங்க. இல்லாட்டி நான் கையெழுத்துப் போட வேண்டியதா இருக்கும்."

ஜெயிலைவிடப் பெரிய பயம் ஒன்று நாகஜோதிக்கு இருந்தது. ஆறு வயது மகள் அபிராமி. அப்பா இறந்ததிலிருந்து ராமுத்தாயிடம்தான் இருந்தாள். போன வாரம் பள்ளிக்கூட வாசலில் கூப்பிட்டபோது, பாட்டியின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு அந்தக் குழந்தை கேட்டது: "நீதான் அப்பா மேல ஊத்துனியாம்மா?"

*

குப்பாயி அக்கா தன் வீட்டில் நாகஜோதிக்கு இடம் கொடுத்திருந்தாள். இருவருக்கும் ஒரே கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் துணியில் ஓட்டை, கறை, தையல் விட்டது பார்த்து ஒதுக்குவார்கள். குப்பாயிக்கு ஐம்பது வயது. வாய் சும்மா இருக்காது.

ரிப்போர்ட்டில் இருந்ததைக் கேட்டதும் அவள் சோற்றுத் தட்டைக் கீழே வைத்தாள்.

"பெட்ரோலியமா? நாந்தான் அன்னைக்கே சொன்னனே கண்ணு! நீ அந்தத் தம்பிக்குத் தேச்சியே வெள்ளைக் களிம்பு, அது பெட்ரோலு கசடுல பண்றதுன்னு. வாட்ஸப்புல வந்துச்சுன்னு உனக்குக் காட்டக்கூட காட்டுனேன். கேன்சர் வரும்னு போட்டிருந்தான்."

மாரிச்செல்வத்துக்கு எட்டு மாதமாகச் சோரியாசிஸ். நெஞ்சிலும் முதுகிலும் செதில் செதிலாக உரிந்தது. பெரியாஸ்பத்திரியில் தோல் வறளாமல் இருக்கக் களிம்பு கொடுத்தார்கள். ஸ்டாக் இல்லாத நாட்களில், "சாதா பெட்ரோலியம் ஜெல்லி வாங்கித் தேயுங்க, அதேதான்" என்றார்கள். அரைக் கிலோ டப்பாவாக வாங்கிவந்து காலையும் மாலையும் தேய்த்தாள். குப்பாயி பயமுறுத்தியபோது மருந்து கொடுக்கும் ஜன்னலில் போய்க் கேட்கவும் செய்தாள். "சார், இது பெட்ரோல்ல இருந்து எடுக்கிறதாமே, உடம்புக்கு ஆகுமா?" உள்ளே இருந்தவர் சிரித்தார். "நல்லாச் சுத்தம் பண்ணித்தாம்மா வருது. பச்சக் குழந்தைக்கே போடலாம். தோலுக்கு ஒண்ணும் பண்ணாது."

அவர் சொன்னது சரிதான். தோலை அது ஒன்றும் பண்ணவில்லை. செதில் அடங்கிக்கொண்டுதான் வந்தது.

சனிக்கிழமை காலையில் குப்பாயியைக் கூட்டிக்கொண்டு, ஒரு புது டப்பாவோடு ஸ்டேஷனுக்குப் போனாள். அருள்செல்வன் பொறுமையாகக் கேட்டார். பிறகு டப்பாவைத் திறந்து ஒரு விரலளவு களிம்பை மூடியில் வழித்துவைத்து, ஏட்டையாவிடம் தீப்பெட்டி வாங்கி, குச்சியைக் கிழித்து அதன்மேல் பிடித்தார். களிம்பு உருகிற்று. குச்சி அதற்குள் விழுந்து அணைந்தது. இன்னொரு குச்சி. அதுவும் அணைந்தது.

"என்ற பொண்ணு தெனமும் உதட்டுக்குப் போடறா" என்றார். "இது பத்திக்கறதா இருந்தா பாதி திருப்பூர் பத்தியிருக்கணும். வேற ஏதாச்சும் இருந்தாச் சொல்லுங்கம்மா."

வெளியே வந்ததும் குப்பாயி தலையில் அடித்துக்கொண்டாள். "நாசமாப் போன வாட்ஸப்பு. நம்ம பேச்ச இனி அந்த மனுசன் காதுலயே வாங்க மாட்டான்."

நாகஜோதி பஸ் ஸ்டாப்பில் அசையாமல் நின்றாள். அவள் கண்ணுக்குள் அணைந்த தீக்குச்சி இருந்தது. அதற்குப் பின்னாலேயே, ஒரே மூச்சில் ஏறிய அந்த நெருப்பும் இருந்தது. இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும்?

*

அவர்கள் கம்பெனியில் ஓடுவது குழந்தைகள் இரவில் போட்டுத் தூங்கும் துணி. வெளிநாட்டுக்குப் போவது. ஒவ்வொரு லாட் சரக்கிலும் துணி வெட்டி, அவிநாசி ரோட்டில் உள்ள ஒரு டெஸ்டிங் லேபுக்கு அனுப்ப வேண்டும். அங்கே துணியை எரித்துப் பார்ப்பார்கள். சீக்கிரம் எரிந்தால் லாட் முழுக்க ரிஜெக்ட். சாம்பிள் கவரைக் கொண்டுபோய்க் கொடுப்பது பல நாள் நாகஜோதிதான். போன வருஷம் ஒரு லாட் பாஸாகி, அதே நூலில் வந்த அடுத்த லாட் ஃபெயிலானது. ஏன் என்று கேட்டதற்கு லேபில் இருந்த கிருத்திகா சொன்னாள்: "துணி மட்டும் எரியறதில்லைங்கக்கா. சாயம், சாஃப்ட்னர், மெழுகுன்னு அதுல என்னென்ன ஏத்துனாங்களோ எல்லாஞ் சேந்துதான் எரியும்."

அந்தப் பேச்சு இப்போது ஞாபகம் வந்தது. எதிர்ப்பக்கம் போகும் பஸ்ஸில் ஏறினாள்.

கிருத்திகா முழுவதையும் கேட்டுவிட்டு முதலில் கேட்டது இதைத்தான்: "அவரு பனியனுக்கு மேல சட்டை போடுவாருங்களா?"

"போடுவாரு. களிம்பு மேலயே சட்டையப் போட்டா, குனிஞ்சு வெட்டுறப்ப எக்ஸ்போர்ட் துணியில எண்ணெய்க் கற பட்டுருமே. கற பட்டா மாஸ்டர் தலையிலதான் விடியும். அதனாலதான் உள்ள இறுக்கமா ஒரு பனியன் போட்டுக்குவாரு. களிம்பெல்லாம் அதுலயே நின்னுக்கிரும்."

"எத்தனை பனியன்?"

"நாலு. ரிஜெக்ட்ல வாங்குன காட்டன். மாத்தி மாத்திப் போடுவாரு."

"எதுல துவைப்பீங்க?"

"பச்சத் தண்ணியில. குழாத் தண்ணி ரெண்டு நாளைக்கு ஒருக்கதான் வரும். சோப்புப் போட்டு அலசிக் காயப்போடுவேன். கை வச்சா வழுவழுன்னு இருக்கும். அந்த வாசன போகவே போகாது."

கிருத்திகா பேனாவை மூடிவைத்தாள்.

"அக்கா, விளக்கு வைப்பீங்கல்ல? கிண்ணத்து எண்ணெயில தீக்குச்சியப் போட்டா அணைஞ்சிரும். அதே எண்ணெய் திரியில ஊறிருந்தா?"

எட்டு மாதம், காலையும் மாலையும், செதில் நோகாமல் உள்ளங்கையால் வட்டம் வட்டமாகத் தேய்த்தது அவள். வெந்நீர் பட்டால் துணி சுருங்கும் என்று பச்சைத் தண்ணீரில் அலசியது அவள். மெத்தென்று இருக்கட்டும் என்று காட்டன் தேடி வாங்கியதும் அவள்தான்.

"அப்ப நாந்தான..."

"அப்படிப் பேசாதீங்க. களிம்பு தோலுக்கு நல்லதுதான். துணியில ஊறுனா ஆகாதுன்னு உங்களுக்கு யாரும் சொல்லலை" என்றாள் கிருத்திகா. "நான் சும்மா சொன்னா இன்ஸ்பெக்டர் நம்ப மாட்டாரு. புதுப் பனியன்ல களிம்பத் தேச்சுக் காட்டினா, 'நீங்க எவ்வளவு தேச்சீங்களோ'ம்பாரு. அவரு போட்ட பனியனே வேணும். அதுவும் துவைச்சது. இருக்குதுங்களா?"

இல்லை. ஒன்று அவனோடு எரிந்தது. செத்தவன் துணியை வீட்டில் வைக்கக்கூடாது என்று மற்றதையெல்லாம் உடம்போடு அனுப்பிவிட்டார்கள். ஆனால் மூட்டை கட்டும்போது ராமுத்தாய் ஒரு பனியனை மட்டும் உருவி, மடியில் செருகியதை நாகஜோதி பார்த்திருந்தாள். அது அமாவாசையன்று காலையில் துவைத்துப் போட்டது. நெருப்புப் பிடித்த நேரத்தில் தாழ்வாரத்துக் கொடியில் ஆடிக்கொண்டிருந்தது.

*

கிருத்திகா போனில் பேசி, சோதித்துக் காட்டுவதாகச் சொன்னதால், ஞாயிற்றுக்கிழமை அருள்செல்வனே உடன் வந்தார். "நான் வண்டியிலயே இருக்கேனுங்க. எடுத்துட்டு வான்னு அதிகாரம் பண்ணி வாங்கலாம். ஆனா அது பெத்தவங்க. நீங்க கேட்டுப் பாருங்க."

ராமுத்தாய் கதவைப் பாதிதான் திறந்தாள். அறுபது வயதுக்குள் இரண்டு மகன்களைச் சாகக் கொடுத்தவள். மூத்தவனைச் சாத்தூர்ப் பக்கம் தீப்பெட்டி ஆபீசில் பறிகொடுத்த பிறகுதான், நெருப்பே இல்லாத தொழில் என்று இளையவனைத் திருப்பூருக்குக் கூட்டிவந்தாள். அவள் பின்னால் அபிராமி ஸ்லேட்டில் எழுதுவதுபோல் குனிந்திருந்தாள்.

"எங்க வந்த?"

"அத்த, அவரு பனியன் ஒண்ணு உங்ககிட்ட இருக்கு. அது வேணும்."

"எதுக்கு? அதையும் எரிக்கவா?"

"ஆமா."

ராமுத்தாய் இதை எதிர்பார்க்கவில்லை. நாகஜோதி லேபில் கேட்டதைச் சொன்னாள். மறைக்காமல் சொன்னாள். களிம்பு, பனியன், பச்சைத் தண்ணீர் எல்லாவற்றையும்.

"இது கதையாடி?" என்றாள் ராமுத்தாய். "சூடத்த வாசல்லதான் பொருத்துனேன். உள்ள இருக்கவன எது பத்த வச்சுச்சு? துவச்ச துணி தானா எரியுமா? தெனம் ராத்திரி அதத் தலைக்கு வச்சுத்தான்டி படுக்குறேன். அவன் வாசம் அதுலதான் இருக்கு. அதக் கேக்க உனக்கு நாக்கு எப்படி வந்துச்சு?"

"அந்த வாசந்தான் அத்த. அது அவரு வாசன இல்ல. களிம்பு வாசன. துவச்சும் போகல பாருங்க."

கதவு மூடிக்கொண்டது. நாகஜோதி திரும்பி இரண்டு எட்டு வைத்திருப்பாள். மீண்டும் கதவு திறந்தது. ராமுத்தாய் கையில் ஒரு மஞ்சப்பை.

"குடுக்குறேன். ஆனா நானும் வருவேன். எம் புள்ள பனியன் கருகாம நிக்கிறத எங் கண்ணால பாக்கணும். அப்ப நீ என்ன சொல்லுறன்னு பாக்குறேன்."

*

திங்கள் காலை பத்து மணிக்கு லேபில் ஐந்து பேர் இருந்தார்கள். கிருத்திகா, அருள்செல்வன், ஏட்டையா, மாமியார், மருமகள். லேப் முதலாளி இன்ஸ்பெக்டர் கொடுத்த கடிதத்தை ஃபைலில் போட்டுவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார்.

கிருத்திகா பனியனை மேஜைமேல் விரித்தாள். நெஞ்சுப் பக்கம் வெளிச்சத்தில் லேசாகப் பளபளத்தது. பாதியை வெட்டி ஏட்டையா முன்னால் ஒரு கவரில் போட்டு ஒட்டினாள். மீதியிலிருந்து சிறு சிறு பட்டைகளாக ஐந்து வெட்டினாள். கத்திரிக்கோல் ஒவ்வொரு முறை மூடும்போதும் ராமுத்தாயின் தோள் குலுங்கிற்று.

"முதல்ல களிம்பே படாத புதுப் பனியன்" என்றாள் கிருத்திகா. "அதே மாதிரித் துணி. கம்பெனியில இருந்து எடுத்துட்டு வந்தது."

கண்ணாடிப் பெட்டிக்குள் துணிப் பட்டை சாய்வாக நின்றது. அதன் மேல்முனையில் ஒரு நூல். நெருப்பு ஏறி அந்த நூலை அறுத்தால் கடிகாரம் நின்றுவிடும். விசையை அழுத்தியதும் ஊசிமுனை அளவு நெருப்பு வந்து துணியை ஒரு நொடி தொட்டுவிட்டு விலகியது. அடியில் கருகல் பிடித்து, தயங்கித் தயங்கி நெருப்பு மேலேறியது. நூல் அறுந்தது. பன்னிரண்டு நொடி.

ராமுத்தாய் நாகஜோதியைத் திரும்பிப் பார்த்தாள். பார்த்தாயா என்று கேட்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை.

"இப்ப அவரோடது."

மறுபடியும் ஊசிமுனை நெருப்பு. மறுபடியும் ஒரே ஒரு நொடி.

தொட்ட இடத்தில் மஞ்சளாக ஒரு நாக்கு எழுந்தது. எழுந்ததும் நிற்கவில்லை. பட்டையின் இரண்டு ஓரமும் சேர்ந்து பிடிக்க, சரசரவென்று மேலே ஓடியது. கிருத்திகா உதட்டுக்குள் எண்ணினாள். மூன்று. அதற்குள் நூல் அறுந்துவிட்டது. நூல் அறுந்த பிறகும் அது எரிந்துகொண்டிருந்தது.

அருள்செல்வன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "இன்னொண்ணு போடுங்க" என்றார். இரண்டாவதும் மூன்று நொடி. மூன்றாவது நான்கு.

நான்காவதை மாட்டக் கிருத்திகா கையெடுத்தபோது ராமுத்தாய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போதும் தாயி. அம்புட்டுதான். அப்படித்தான் இருந்துச்சு."

"ஒருக்கதான் பட்டுச்சு. இப்ப நீ தொட்டியே, அம்புட்டு நேரங்கூட இருக்காது." அவள் இன்ஸ்பெக்டரைப் பார்க்காமல் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தே பேசினாள். "அன்னைக்குத் தூத்தல். வாசல்ல வச்சா அணைஞ்சுரும்னு சூடத்தத் தட்டுல வச்சு உள்ளயே பொருத்திட்டேன். எரிய எரியச் சுத்துனேன். மூணாவது சுத்து. அவன் செல்போன எடுக்கக் குனிஞ்சான். தட்டு நெஞ்சுல இடிச்சுச்சு. நான் தட்டத் தூக்கிப் போட்டுட்டேன். இம்புட்டுச் சூடத்துக்கு என்ன ஆயிரும், தட்டிவிட்டா அணைஞ்சுரும்னு நெனச்சேன். அதுக்குள்ள கழுத்துக்கு ஏறிருச்சு."

"வாசல்ல பொருத்துனேன்னு எழுதிக் குடுத்தீங்களே அம்மா" என்றார் அருள்செல்வன்.

"பொய்யி. ஒரு சூடத்துக்கு மனுசன் அப்படி எரிவானான்னு எனக்கே நம்பிக்க வரல. இவ எதையாச்சும் ஊத்தியிருக்கணும்னு மனசு சொல்லிக்கிட்டே இருந்துச்சு. இவ ஊத்துனான்னா, அப்ப நான் கொல்லல." அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ரெண்டு புள்ளையையும் நெருப்புக்குக் குடுத்துட்டு, ஒண்ண எங் கையாலயே குடுத்தேன்னு எப்படிச் சொல்லுவேன் சாமி?"

ஏட்டையா தண்ணீர் கொண்டுவந்தார். அவள் வாங்கவில்லை.

அருள்செல்வன் நாகஜோதியைத் தனியே கூப்பிட்டார். "ரெண்டு லேப் ரிப்போர்ட்டையும் வச்சு விபத்துன்னு முடிச்சிருவேனுங்க. களிம்பா, மண்ணெண்ணெயான்னு பெரிய லேப்புல பிரிச்சுப் பாத்து இன்னொரு பேப்பர் வரும். அது வரட்டும். ஆனா இந்தம்மா உங்க மேல பொய்யா வாக்குமூலம் குடுத்திருக்குது. நீங்க எழுதிக் குடுத்தீங்கன்னா நான் கேஸ் எடுக்கலாம்."

நாகஜோதி, தரையில் கிடந்த அந்தக் கிழவியைப் பார்த்தாள். இத்தனை நாளும் தன்னைக் கொலைகாரி என்று தெருவில் நின்று சொன்ன வாய். இரக்கம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. கோபத்தைத் தேடினாள். அதுவும் கைக்குக் கிடைக்கவில்லை.

"கேஸெல்லாம் வேணாம் சார். எனக்கு அவங்ககிட்ட வாங்க வேண்டியது வேற ஒண்ணு இருக்கு."

*

பஸ்ஸில் இருவரும் அருகருகே உட்கார்ந்து வந்தார்கள். பாதி வழியில் ராமுத்தாய்தான் பேசினாள்.

"என்னைய உள்ள தூக்கிப் போட்டிருக்கணும்டி நீ."

"போட்டா அபிராமிய யாரு பாக்குறது? எனக்கு எட்டரைக்கு ஷிஃப்ட்டு."

"என்னமோ வாங்கணும்னியே."

"அவகிட்ட நீங்க சொல்லணும். நான் ஊத்தலன்னு. உங்க வாயாலதான் அவளுக்கு அது ஏறுச்சு. உங்க வாயாலதான் எறங்கணும். நான் சொன்னா நம்ப மாட்டா."

ராமுத்தாய் தலையை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பள்ளிக்கூடம் விட்டு வந்த அபிராமி, அறைக்குள் அம்மாவைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றாள். பை தோளில் தொங்கியது.

"இங்க வா தாயி" என்றாள் ராமுத்தாய். குழந்தை வந்து அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டது. "அப்பத்தா உங்கிட்ட ஒண்ணு தப்பாச் சொல்லிட்டேன். உங்கம்மா எதையும் ஊத்தல."

"அப்ப யாரு?"

ராமுத்தாய் மருமகளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்த கெஞ்சலை நாகஜோதி பார்த்தாள். பார்த்தும் உதவிக்குப் போகவில்லை.

"எங் கையில இருந்த சூடந்தான் தாயி. அப்பா மேல பட்டுருச்சு."

அபிராமி முழங்காலை விட்டுவிட்டாள். பாட்டியைப் பார்த்தபடியே இரண்டு அடி பின்னால் நகர்ந்தாள். அம்மாவிடமும் வரவில்லை. அறைக்கு நடுவில், இருவருக்கும் எட்டாத தூரத்தில், தனியாக நின்றாள். அதைப் பார்த்ததும் நாகஜோதியால் அதற்குமேல் சும்மா இருக்க முடியவில்லை. குழந்தை உயரத்துக்கு மண்டியிட்டாள்.

"சூடம் மட்டுமில்ல பாப்பா. அம்மா தெனம் அப்பாவுக்கு மருந்து தேச்சேன்ல? அது அப்பா பனியன்ல ஊறிப்போயிருந்துச்சு. அதனாலதான் அம்புட்டு வேகமாப் பத்துச்சு. மருந்து ஊறுனா துணி அப்படிப் பத்தும்னு எனக்குத் தெரியாது. அப்பத்தாவுக்கும் தெரியாது."

அபிராமி இதை மெதுவாக யோசித்தாள். ஒன்றாம் வகுப்புக் கணக்குக்கு யோசிப்பதுபோல் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு யோசித்தாள்.

"டாக்டருக்குத் தெரியுமா?"

ராமுத்தாய் மருமகளைப் பார்த்தாள். "தெரியல பாப்பா" என்றாள் நாகஜோதி.

"டப்பாவுல எழுதியிருக்குமா?"

"இல்ல. நான் பாத்தேன். தோலுக்குத் தேய்க்கிறது எப்படின்னு மட்டுந்தான் எழுதியிருந்துச்சு."

"அப்ப அவங்ககிட்ட போய்க் கேளும்மா" என்றாள் அபிராமி. சொல்லிவிட்டு, பையைக் கழற்றி அம்மா கையில் கொடுத்தாள்.

பெரியாஸ்பத்திரியில் தோல் நோய்க்குச் சீட்டுக் கொடுப்பது வியாழக்கிழமை. நாகஜோதி அரை நாள் லீவு சொல்லிவிட்டு, ஏழு மணிக்கே வரிசையில் போய் நின்றாள். அவளுக்கு முன்னால் ஓர் அயர்ன் மாஸ்டர். சட்டைக் காலருக்கு மேலே கழுத்தில் செதில். சட்டைக்குள் இறுக்கமாக ஒரு பனியன்.

"அண்ணே" என்று அவள் அவன் தோளைத் தொட்டாள்.